போக்கர் டோர்னமென்ட்: நெல்லைச் சீமை ரம்மிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் சீட்டு ஆடத் தெரியாத குடும்பம் குறைவு. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மாடியில் ஜமுக்காளம் விரித்தால் ரம்மி. சீசனுக்குக் குற்றாலம் போய், வெள்ளம் அதிகம் என்று அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டால் அறைக்குள் ரம்மி. அப்படி ரம்மியில் ஊறினவர்களுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையில் போக்கர் டோர்னமென்ட் சொல்லிக்கொடுக்கிறோம். காசு கிடையாது. அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் பேச்சிலேயே கீழே வைத்திருக்கிறேன்.

ரம்மி நல்லாத் தெரியும் அண்ணாச்சி. போக்கர் அதுல இருந்து எங்க மாறுது?

ரம்மியில் பதிமூன்று சீட்டு. எடுப்பதும் இறக்குவதுமாகக் கையைச் சரிசெய்வதுதான் வேலை. நாங்கள் ஆடும் போக்கரில் வந்த சீட்டு வந்ததுதான், மாற்ற வழியில்லை. டோர்னமென்ட்டுகளில் பெரும்பாலும் ஆடப்படும் வகை டெக்சாஸ் ஹோல்டம். அதில் உங்களுக்கு மட்டும் தெரியும் சீட்டு இரண்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக, முகம் தெரிய ஐந்து. இந்த ஏழில் சிறந்த ஐந்து எதுவோ அதுதான் உங்கள் கை. ஜோக்கர் கிடையாது. ஒரே கட்டு, 52 சீட்டு.

சீட்டைத் திருத்த முடியாது என்பதால் மிச்சமிருக்கும் முடிவு ஒன்றுதான்: இதற்கு எவ்வளவு சிப்ஸ் (பந்தயம் வைக்கும் வில்லைகள்) வைப்பது, எப்போது விடுவது. இந்த இடத்தில் ரம்மிக்காரரிடம் ஏற்கனவே ஒரு சொத்து இருக்கிறது. பதிமூன்றையும் பிரித்துப் பார்த்ததும் சீக்வென்ஸுக்கு வழியில்லை, ஜோக்கரும் இல்லை என்றால் இருபது பாயிண்ட் போனால் போகட்டும் என்று ஸ்கூட் விடுகிறீர்களே, அந்தப் பழக்கம். ஒன்பது பேர் உட்கார்ந்த மேசையில், ஆரம்பக் கட்டத்தில், பத்துக் கைக்கு ஏழெட்டை ஸ்கூட் விடுகிறவர்தான் ஒழுங்காக ஆடுகிறவர். போக்கரில் அதற்கு ஃபோல்ட் என்று பெயர். ரம்மி தெரியாமல் நேரே போக்கருக்கு வருகிறவர்களுக்கு இதைப் பழக்கத்தான் எங்களுக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

ஒரு ஆட்டம் எப்படி நடக்கும்? முதல்ல இருந்து சொல்லுங்க.

மேசையில் டீலர் பட்டன் என்று ஒரு வில்லை இருக்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அது இடப்பக்கமாக ஓர் ஆள் நகரும். பட்டனுக்கு இடப்பக்கம் உள்ளவர் ஸ்மால் பிளைண்ட், அடுத்தவர் பிக் பிளைண்ட் என்று சீட்டைப் பார்க்கும் முன்பே சிப்ஸ் வைத்தாக வேண்டும். பிறகு ஆளுக்கு இரண்டு சீட்டு. பிக் பிளைண்டுக்கு அடுத்தவரிலிருந்து பேச்சு தொடங்கும். விட்டால் ஃபோல்ட், இருக்கிற பந்தயத்துக்குச் சமமாக வைத்தால் கால், ஏற்றினால் ரைஸ்.

அந்தச் சுற்று முடிந்ததும் நடுவில் மூன்று சீட்டு ஒன்றாக விழும்: ஃப்ளாப். மறுபடி ஒரு சுற்று. நாலாவது சீட்டு டர்ன், ஒரு சுற்று. ஐந்தாவது ரிவர், கடைசிச் சுற்று. யாரும் பந்தயம் வைக்காத நேரத்தில் நீங்களும் வைக்காமல் தட்டிவிட்டுப் போகலாம், அது செக். கடைசியில் இரண்டு பேராவது மிஞ்சினால் சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும். நடுவிலேயே மற்ற எல்லாரும் விட்டுவிட்டால், மிஞ்சினவர் சீட்டைக் காட்டாமலே பாட்டை, அதாவது நடுவில் சேர்ந்த சிப்ஸ் மொத்தத்தையும், அள்ளிக்கொள்ளலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வையுங்கள். டோர்னமென்ட் ஆட்டத்தின் பாதி அதில்தான் இருக்கிறது.

எந்தக் கை பெருசு? சீக்வென்ஸ் தானே?

இங்கே ரம்மிக்காரர் தடுமாறுவார். ஒரே சாதியில் (ஐந்தும் ஆட்டின், ஐந்தும் டைமன் என்பதுபோல) வரிசையாக ஐந்து வந்தால் அது ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ், அதுதான் எல்லாவற்றுக்கும் மேல். ஆனால் சாதி கலந்து வந்த வரிசை, அதாவது ஸ்ட்ரெய்ட், நடுத்தரம்தான். மேலிருந்து கீழாக: ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ், நாலு ஒன்றுபோல, ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒன்றுபோல, இரண்டு ஒன்றுபோல), ஃப்ளஷ் (வரிசை இல்லாமல் ஐந்தும் ஒரே சாதி), ஸ்ட்ரெய்ட், மூன்று ஒன்றுபோல, இரண்டு ஜோடி, ஒரு ஜோடி, ஒன்றும் சேராத வெறும் பெரிய சீட்டு.

இந்த வரிசையை யாரும் இஷ்டத்துக்கு வைக்கவில்லை. 52 சீட்டில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க 25,98,960 வழி உண்டு. அதில் ஸ்ட்ரெய்ட் 10,200, ஃப்ளஷ் 5,108, ஃபுல் ஹவுஸ் 3,744, நாலு ஒன்றுபோல வெறும் 624. எது அரிதோ அது மேல். ஏஸை 2-3-4-5 பக்கமும் சேர்க்கலாம், 10-ஜாக்-ராணி-ராஜா பக்கமும் சேர்க்கலாம். ராஜா-ஏஸ்-2 என்று வளைத்துப் போட முடியாது. ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் நாலுக்கும் ஒரே மதிப்பு.

டோர்னமென்ட்னா என்ன? சும்மா உக்காந்து ஆடுததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

101 பூல் ரம்மி ஆடியிருந்தால் அடிப்படை பிடிபட்டுவிடும். 101 தொட்டவர் வெளியே, கடைசி ஆள் மிஞ்சும் வரை ஆட்டம். போக்கர் டோர்னமென்ட்டும் ஆளைக் கழிக்கும் ஆட்டம். எல்லாருக்கும் ஒரே அளவு சிப்ஸ். அது தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். எல்லாச் சிப்ஸும் ஒருவரிடம் சேரும்போது போட்டி முடியும். யார் எத்தனாவதாக வெளியேறினார் என்பதை வைத்து இடம்.

கேஷ் கேம் என்பது வேறு. அங்கே சிப்ஸ் ஒவ்வொன்றும் நேர்க் காசு, பிளைண்ட் மாறாது, வேண்டும்போது எழுந்து போகலாம். டோர்னமென்ட்டில் நடுவில் சிப்ஸைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப முடியாது. அந்தச் சிப்ஸுக்கு மேசைக்கு வெளியே மதிப்பே இல்லை. அது உங்களை மேசையில் வைத்திருக்கும் உயிர், அவ்வளவுதான். போன உயிர் திரும்ப வராது. ஆனால் பொத்திப் பொத்தி வைத்தாலும் பிளைண்ட் ஏறிக்கொண்டே வந்து அதைக் கரைத்துவிடும். இந்த இரண்டு நெருக்கடிக்கும் நடுவில் எப்படி ஆடுவது என்பதைத்தான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லப் போகிறேன்.

பிளைண்ட எதுக்கு ஏத்திக்கிட்டே போறாவ? ஒரே மாதிரி வச்சா என்ன?

ஒரே மாதிரி வைத்தால் விடிந்தாலும் முடியாது. எல்லாரும் ஏஸ் ஜோடி வரும்வரை காத்திருப்பார்கள். கையில் வரும் இரண்டு சீட்டும் ஏஸாக இருக்க வாய்ப்பு 221-க்கு ஒன்று. மணிக்கு முப்பது கை ஆடினால் ஏழு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காத்திருக்கலாம் என்ற எண்ணத்தை உடைப்பதற்காகவே பிளைண்ட் ஏறுகிறது.

பெரிய போட்டிகளில் ஆன்டி என்று இன்னொன்றும் சேரும்: ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பே மேசையில் உள்ளவர்கள் வைக்கும் சிறு தொகை. இப்போது பல இடங்களில் பிக் பிளைண்ட் வைப்பவரே மேசை முழுவதுக்குமான ஆன்டியைச் சேர்த்து வைக்கிறார். சில்லறை மாற்றும் நேரம் மிச்சம்.

எத்தனை பேர் வேணும்? சிப்ஸுக்கு எங்க போவ?

ஆறு பேர் இருந்தால் போதும், ஒன்பது பேர் இருந்தால் அழகு. சிப்ஸ் பெட்டி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. தையல் சாமான் கடையில் நாலு நிறத்தில் சட்டைப் பட்டன் வாங்குங்கள். ஒரு நிறம் 25, ஒன்று 100, ஒன்று 500, ஒன்று 1000. ஆளுக்கு எட்டு 25, எட்டு 100, நாலு 500, இரண்டு 1000. மொத்தம் 5,000, பட்டன் கணக்கில் 22. ஒன்பது பேருக்கு 198 பட்டன். பெரிய பட்டன்களைச் சில்லறையாக மாற்றக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிளைண்ட் 25-50-இல் (ஸ்மால் 25, பிக் 50) தொடங்கட்டும். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை 50-100, 75-150, 100-200, 150-300, 200-400, 300-600, 400-800, 500-1000, 700-1400, 1000-2000 என்று ஏற்றுங்கள். முதலில் ஒவ்வொருவரிடமும் நூறு பிக் பிளைண்ட் இருக்கும். 11-வது படிக்கு வரும்போது மேசையில் உள்ள 45,000-மும் சேர்ந்தே 22 பிக் பிளைண்டுதான். அதற்கு மேல் எந்தப் போட்டியும் நெடுநேரம் தாங்காது. சாயங்காலக் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முடிந்துவிடும். செல்போனில் அலாரம் வையுங்கள், அது அடித்த பிறகு போடும் சீட்டிலிருந்து புதுப் பிளைண்ட். இதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

காசு வச்சு ஆடினா போலீஸ் பிடிக்குமா? போன்ல ஆடலாமா?

இதை மழுப்பாமல் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் இன்னமும் இருக்கிறது. ஓர் இடத்தைச் சூதாட்டக் கூடமாக நடத்துவதும், பொது இடத்தில் பணம் வைத்துச் சூதாடுவதும் குற்றம். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் சொன்னது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டு "அப்ப ஆடலாம்ல" என்று கேட்பவர்கள் உண்டு.

ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடை செய்தது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். அதனால் யாராவது லிங்க் அனுப்பி "இது வெளிநாட்டு ஆப், பயமில்ல" என்று சொன்னால் அதைத் தொடாதீர்கள். கட்டின பணத்துக்கு யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

சட்டத்துக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தி தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு அல்ல. அதை ஆராயத்தான் 2022-இல் நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. எங்கள் திண்ணையில் பத்து ரூபாய்கூட நடுவில் விழக்கூடாது என்பதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான். இந்த ஆட்டத்தை நான் நேசிக்கிறேன். அது ஒரு வீட்டையும் கெடுக்கக் கூடாது.

காசு இல்லாம ஆடினா யாரு ஒழுங்கா ஆடுவா? எடுத்த எடுப்புல ஆல் இன் போட்டுருவாவளே?

ஆல் இன் என்றால் கையில் உள்ள எல்லாச் சிப்ஸையும் ஒரேயடியாக வைப்பது. முதல் தடவை அப்படித்தான் நடக்கும். அதற்கு மருந்து ஒரு நோட்டு. முதல் இடத்துக்கு 50 புள்ளி, இரண்டாவதுக்கு 30, மூன்றாவதுக்கு 20, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. மாதாமாதம் எழுதி, தை பிறக்கும்போது கூட்டிப் பாருங்கள். மருமகனும் மாமனாரும் ஒரே நோட்டில் இருந்தால், நாலு புள்ளிக்கு எவ்வளவு யோசிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சீக்கிரம் வெளியேறினவர் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருப்பதே பெரிய தண்டனை.

தோத்தவன் திரும்ப உள்ள வரலாமா?

போட்டி வகையைப் பொறுத்தது. ஃப்ரீஸ்அவுட் என்றால் முடிந்தது முடிந்ததுதான். ரீ-பை உள்ள போட்டியில் குறிப்பிட்ட நேரம் வரை மறுபடி சிப்ஸ் எடுக்கலாம். இன்னொரு பெரிய போட்டியின் இடத்தையே பரிசாகத் தருவது சாட்டிலைட். பழகுகிறவர்களுக்கு ஃப்ரீஸ்அவுட்தான் நல்லது.

ஆல் இன் போட்டவன்கிட்ட கம்மியா இருந்தா கணக்கு எப்படி?

உங்களிடம் இருப்பதற்கு மேல் எந்த ஓர் எதிராளியிடமிருந்தும் உங்களால் ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது. மூன்று பேர் ஆல் இன். ஒருவரிடம் 1,000, அடுத்தவரிடம் 3,000, மூன்றாமவரிடம் 5,000. ஆளுக்கு 1,000 வீதம் 3,000 முதல் பாட்டில் சேரும், அதற்கு மூவருக்கும் உரிமை. மிச்சத்தில் ஆளுக்கு 2,000 வீதம் 4,000 தனிப் பாட். அது பின்னவர்கள் இருவருக்கும் மட்டும். மூன்றாமவரிடம் மீதமுள்ள 2,000-க்கு எதிராக நிற்க யாரும் இல்லை, அது அவருக்கே திரும்பிவிடும். இதை ஒரு தடவை பட்டனை வைத்துப் பிரித்துக் காட்டிவிட்டால் பிறகு சண்டையே வராது.

எந்தச் சீட்டு வந்தா உள்ள போணும்?

சீட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதும் சேர்ந்தால்தான் பதில். பிக் பிளைண்டுக்கு அடுத்த ஆளாக இருந்தால் உங்களுக்குப் பின்னால் எட்டுப் பேர் இன்னும் பேசவில்லை. அங்கே ஏழு-ஏழுக்கு (77) மேற்பட்ட ஜோடி, ஏஸுடன் ராஜா, ராணி, ஜாக், ஒரே சாதியில் ராஜா-ராணி, இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டீலர் பட்டன் உங்கள் முன்னால் இருக்கும்போது எல்லாரும் விட்டுவிட்டு உங்களிடம் வந்தால் பின்னால் இருவர்தான். அப்போது எந்த ஜோடியும், எந்த ஏஸும், அடுத்தடுத்த சீட்டு ஒரே சாதியில் வந்தாலும் ஆடலாம். ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள்தான் கடைசியாகப் பேசுவீர்கள். எதிராளி என்ன செய்தார் என்று பார்த்துவிட்டுப் பேசுகிற வசதி பெரிய வசதி.

உள்ளே போகிறீர்கள் என்றால் ஏற்றிப் போங்கள். பிக் பிளைண்டைப் போல இரண்டரை அல்லது மூன்று மடங்கு. எங்கள் பக்கத்து மேசைகளில் மிகப் பரவலான கெட்ட பழக்கம், "சீட்டைப் பாத்துட்டுப் போவோம்" என்று வெறும் கால் போட்டுப் போட்டு ஆறு பேர் ஃப்ளாப்புக்குப் போவது. சிப்ஸ் கரைவதற்கு அதைவிட நேரான வழி கிடையாது.

ஏஸ் ஜோடி வந்தும் தோத்துட்டனே, இது என்ன நியாயம்?

எத்தனை பேரை உள்ளே விட்டீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ஏஸ் ஜோடி, ஏதோ ஒரு கையோடு ஒற்றைக்கு ஒற்றை நின்றால் 85 சதவீதம் ஜெயிக்கும். நாலு பேர் எதிரே நின்றால் அது சுமார் 56-க்கு இறங்கிவிடும். அதனால்தான் நல்ல சீட்டை ஒளித்து வைக்காமல் ஏற்றி ஆட வேண்டும். எதிரே ஒருவரோ இருவரோ இருந்தால் போதும்.

அப்படி ஆடியும் தோற்கலாம். எதிராளியிடம் ராஜா ஜோடி இருந்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை அவர் ஜெயிப்பார். இதன் அடுத்த படியைத்தான் பலர் யோசிப்பதில்லை. எண்பது சதவீதச் சாதகத்தோடு ஐந்து தடவை ஆல் இன் போகிறீர்கள், ஐந்திலும் தப்பிப்பதற்கு வாய்ப்பு எவ்வளவு? 33 சதவீதம். மூன்றில் இரண்டு தடவை எங்கோ ஓரிடத்தில் விழுந்திருப்பீர்கள். பாதிக்குப் பாதி என்ற நிலையில் மூன்று தடவை போனால் எட்டில் ஒரு பங்குதான். நல்ல சீட்டில் மொத்தத்தையும் வைத்து மோதுவது மட்டுமே உங்கள் ஆட்டம் என்றால் ஃபைனல் டேபிள் (கடைசியாக மிஞ்சினவர்கள் உட்காரும் மேசை) பார்ப்பது அபூர்வம். மோதாமல், காட்டாமல், சிறு சிறு பாட்டாகச் சேர்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். உங்களைவிட அதிகச் சிப்ஸ் வைத்திருப்பவரோடு மோதுவதானால் இரண்டு தடவை யோசியுங்கள். அவரால்தான் உங்களை வெளியே அனுப்ப முடியும்.

நாலு ஆட்டின் சேந்துட்டு, இன்னொண்ணு வந்தா ஃப்ளஷ். காத்திருக்கலாமா?

கேட்கிற விலையைப் பொறுத்தது. நீங்கள் பார்த்த ஆட்டின் நாலு போக மிச்சம் ஒன்பது. டர்ன் வந்துவிட்டது, ஒரே சீட்டு பாக்கி என்றால் தெரியாத சீட்டு 46, அதில் ஒன்பது. அதாவது 20 சதவீதம். டர்னும் ரிவரும் இரண்டும் பாக்கி என்றால் 35 சதவீதம். மனக்கணக்குக்கு ஒரு வழி: வர வேண்டிய சீட்டு எண்ணிக்கையை, ஒரு சீட்டு பாக்கி என்றால் இரண்டால் பெருக்குங்கள், இரண்டு பாக்கி என்றால் நாலால். கிட்டத்தட்டச் சரியாக வரும்.

இப்போது விலை. பாட்டில் 600 இருக்கிறது, எதிராளி 300 வைக்கிறார். நீங்கள் 300 வைத்தால் மொத்தம் 1,200. உங்கள் பங்கு நாலில் ஒன்று, 25 சதவீதம். 20 சதவீத வாய்ப்புக்கு 25 சதவீத விலை கேட்கிறார், விடுங்கள். அவர் 100 மட்டும் வைத்திருந்தால் 800-க்கு 100, பன்னிரண்டரை சதவீதம், தாராளமாகக் கட்டலாம். ஃப்ளஷ் வந்தபிறகு அவரிடமிருந்து மேலும் கறக்க முடியும் என்று தெரிந்தால் கொஞ்சம் கூடுதல் விலையும் தாங்கும். வண்ணார்பேட்டையில் கடை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுகிறார்கள். எஞ்சினியரிங் மாணவர்கள் ஃபார்முலா கேட்கிறார்கள்.

பொய் காட்டி ஜெயிக்கதுதானே போக்கர்? அது எனக்கு வராது அண்ணாச்சி.

சினிமாவில் அப்படிக் காட்டுகிறார்கள். மேசையில் பிளஃப் என்பது சொல்வன்மையோ முகபாவமோ இல்லை, கணக்கு. நீங்கள் 300 வைத்து 600-ஐ எடுக்கப் பார்த்தால், மூன்றில் ஒரு தடவை எதிராளி விட்டாலே நட்டமில்லை. யார் விடுவார் என்று பார்த்துச் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் கால் போடுகிற பெரியப்பாவிடம் பிளஃப் செய்யவே கூடாது. அவரிடம் நல்ல சீட்டு வரும்போது பெரிதாக வைத்தால் போதும். ஒரு மணி நேரமாகப் பத்துக் கையில் ஒன்று மட்டும் ஆடுகிறவர் ஒருவர் இருப்பார், அவருடைய பிளைண்டைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் விழுந்த சீட்டும் உங்கள் கதைக்குப் பொருந்த வேண்டும். நீங்கள் முதலிலிருந்து ஏற்றி ஆடி, ஃப்ளாப்பில் ஏஸ் விழுந்தால், உங்களிடம் ஏஸ் இருக்கும் என்று அவர் நம்புவதற்குக் காரணம் உண்டு.

சிப்ஸ் ரொம்பக் கொறஞ்சிட்டு. இனி என்ன செய்ய?

கையில் உள்ளதை பிக் பிளைண்டால் வகுத்துப் பாருங்கள். பிளைண்ட் ஏறும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யும் பழக்கம் வேண்டும். நாற்பதுக்கு மேல் இருந்தால் நிதானமாக, எல்லா வகையிலும் ஆடலாம். இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் சந்தேகமான சீட்டுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்துக்குக் கீழே போய்விட்டால் உங்களிடம் இரண்டே முடிவு: ஆல் இன் அல்லது ஃபோல்ட். நடுவில் எதுவும் கிடையாது. பத்தில் மூன்றை வைத்து ஏற்றிவிட்டுப் பிறகு விட்டால், மிச்சம் ஏழை வைத்து யாரையும் பயமுறுத்த முடியாது.

இந்தக் கட்டத்தில் முதலில் ஆல் இன் போடுகிறவர் நீங்களாக இருக்க வேண்டும். அடுத்தவர் போட்ட ஆல் இன்னுக்குக் கால் போட்டால் சீட்டு ஜெயித்தால்தான் பிழைப்பு. நீங்கள் போட்டால் எல்லாரும் விட்டாலும் பிழைப்பு. பத்து பிக் பிளைண்ட் வைத்திருப்பவர் இரண்டு பிளைண்டையும் சும்மா எடுத்தால் ஒன்றரை கூடும், கையிருப்பு ஒரே ஆட்டத்தில் 15 சதவீதம் ஏறிவிடும். பட்டனில் இருந்து எந்த ஏஸும், எந்த ஜோடியும், இரண்டு படச் சீட்டும் அதற்குப் போதும். "நல்ல சீட்டு வரட்டும்" என்று மூன்று பிக் பிளைண்ட் வரை இறங்கிவிட்டால், பிறகு ஏஸ் ஜோடியே வந்து இரண்டு மடங்காகினாலும் ஆறுதான். பொறுமை எவ்வளவு நல்ல குணமோ, இந்த ஓரிடத்தில் அது கெடுக்கும்.

பபிள்னு சொல்லுதாவளே, அது என்ன?

பரிசுக்கு இன்னும் ஓர் ஆள் வெளியேற வேண்டிய கட்டம். எங்கள் நோட்டில் மூன்று பேருக்குப் புள்ளி என்றால் நாலு பேர் மிஞ்சும்போது பபிள். பெரிய போட்டிகளில் கலந்துகொண்டவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்குப் பரிசு இருக்கும்.

இங்கே ஆட்டம் மாறுவதற்கான காரணம், சிப்ஸுக்கும் பரிசுக்கும் நேர்க்கோட்டு உறவு இல்லாதது. மூன்று பேர் மிச்சம். கையிருப்பு 5,000, 3,000, 2,000. பரிசு நம்முடைய 50, 30, 20. பாதிச் சிப்ஸ் வைத்திருப்பவருக்குப் பாதிப் பரிசு என்று தோன்றும். கணக்குப் போட்டால் அவர் நிலையின் மதிப்பு சுமார் 38.4 புள்ளிதான். ஐந்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு 28.9. நடுவில் உள்ளவருக்கு 32.7. இந்தக் கணக்கை ஐசிஎம் (Independent Chip Model) என்று சொல்வார்கள். சின்னக் கையிருப்பின் ஒவ்வொரு சிப்ஸும் பெரிய கையிருப்பின் சிப்ஸைவிட விலை கூடுதல். இழந்த 1,000, ஜெயித்த 1,000-ஐவிடப் பெரிது.

இதிலிருந்து வருவது: பபிளில், நடுத்தரக் கையிருப்பு உள்ளவர் பெரியவரோடு மோதக் கூடாது. உங்களைவிடச் சின்னவர் ஒருவர் பிளைண்டில் கரைந்துகொண்டிருக்கும்போது, ஏஸ்-ஜாக்கை வைத்துக்கொண்டு பெரியவரின் ஆல் இன்னுக்குக் கால் போடுவது வீண். பெரிய கையிருப்பு உங்களுடையது என்றால் எதிர்மாறு. எல்லாரும் பயந்திருக்கும் நேரம் அது, ஒவ்வொரு பிளைண்டையும் நீங்கள் எடுக்கலாம். எனக்குப் போட்டியிலேயே மிகவும் பிடித்த கட்டம் இதுதான். சீட்டு ஏறக்குறைய பின்னுக்குப் போய், மனிதர்கள் முன்னுக்கு வந்துவிடுவார்கள்.

மேசையில என்னெல்லாம் செய்யக் கூடாது?

முறை வராமல் பேசக் கூடாது. சிப்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எதிராளி முகத்தைப் பார்க்கக் கூடாது, ஒரே தடவையில் வைக்க வேண்டும். விட்ட சீட்டு என்ன என்று ஆட்டம் முடியும்வரை சொல்லக் கூடாது. எங்கள் ஊருக்கென்று ஒன்று சேர்க்க வேண்டும்: முதுகுக்குப் பின்னால் நின்று "ஏல, அத விடாதல" என்று சொல்லும் ஆள். ஒரு கைக்கு ஓர் ஆள்தான். பார்க்க வருகிறவர் ஒருவர் சீட்டைப் பார்த்தால் அந்த ஆட்டம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜெயித்தது தெரிந்தும் வேண்டுமென்றே மெதுவாகத் திருப்பிக் காட்டி எதிராளியை நோகடிப்பது மிகவும் மட்டமான செயல்.

அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு?

ஒரு சாயங்காலத்தில் அதிர்ஷ்டம் ஜெயிக்கும். ஒரு வருஷ நோட்டில் திறமை தெரியும். அமெரிக்காவில் லாஸ் வேகாஸில் 1970-இல் தொடங்கிய உலகப் போக்கர் போட்டியின் முதன்மைப் பந்தயத்தில் 1972 முதல் நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையச் சாட்டிலைட் வழியாக வந்து, 839 பேரில் முதலிடம் பிடித்து 25 லட்சம் டாலர் வென்றார். அதன் பிறகுதான் உலகம் முழுக்கக் கூட்டம் சேர்ந்தது. 2024-இல் அதே பந்தயத்தில் 10,112 பேர். அதே லாஸ் வேகாஸ் மேடையில் ஸ்டூ உங்கர் 1980, 1981, 1997 என்று மூன்று தடவை அந்தப் பட்டத்தை வென்றார். முதல் வகைக் கதை எல்லாரையும் இழுக்கிறது. இரண்டாவது வகைதான் எனக்கு ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறது. இந்தியாவிலிருந்து நிகிதா லூதர் 2018-இல் அங்கே குழுப் போட்டி ஒன்றில் பட்டம் வென்றார்.

கடைசி ரெண்டு பேர் மிஞ்சினா எப்படி ஆடணும்?

விதி கொஞ்சம் மாறும். பட்டன் வைத்திருப்பவரே ஸ்மால் பிளைண்ட். ஃப்ளாப்புக்கு முன் அவர் முதலில் பேசுவார், ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசுவார். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுச் சண்டை போடுகிறவர்கள் நிறைய.

ஒன்பது பேர் மேசையில் விட்ட சீட்டெல்லாம் இப்போது நல்ல சீட்டு. எந்த ஏஸும் பலம், எந்த ஜோடியும் பலம், ராஜாவோடு எது வந்தாலும் பெரும்பாலும் ஆடலாம். பட்டனில் இருக்கும்போது பாதிக்கு மேற்பட்ட கைகளை ஏற்றி ஆடுங்கள். இரண்டரை மணி நேரம் ஸ்கூட் விட்டுப் பழகினவருக்கு இது கை வராது. இரண்டாவது இடத்தில் நிற்பவர்களில் பலர் இங்கேதான் நிற்கிறார்கள். இதைத் தனியாகப் பழகலாம். வீட்டில் ஓர் ஆள் கிடைத்தால் போதும், ஆளுக்கு 1,000 சிப்ஸ், பிளைண்ட் 25-50, பத்து நிமிடத்துக்கு ஒரு ஏற்றம். அரை மணி நேரத்தில் ஒரு போட்டி முடிந்துவிடும், அடுத்ததற்குச் சீட்டைக் கலைக்கலாம்.